கோடையில் வண்ண மீன்களைக் காப்பாற்றும் வழிகள்

போடிநாயக்கனூர் என்றதும் எவருக்கும் ஏலக்காய்தான் நினைவுக்கு வரும். மேலே மலைச்சரிவில் ஏலமும் காப்பியும் மிளகும்; கீழே அடிவாரத்தில் மாவும் தென்னையும் இலவமும். இவை எல்லாமே மழையையும் சந்தை விலையையும் நம்பி நிற்கும் பயிர்கள். 2024ஆம் ஆண்டுக் கோடையில் மழை பொய்த்து வெயில் கடுமையானபோது, எல்லைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்தில் ஏலச் செடிகள் பெருமளவில் காய்ந்துபோனதை நீங்கள் அறிவீர்கள். இத்தகைய ஆண்டுகளில் கையில் நாலு காசு புழங்குவதற்கு ஒரு உபதொழில் இருப்பது நல்லது.

கறவை மாடு, கோழி, தேனீ ஆகியவற்றைப் போலவே வண்ண மீன் வளர்ப்பும் சிறு விவசாயிக்கு ஏற்ற உபதொழிலாகும். வீட்டின் பின்புறம் சில சென்ட் இடமும், மூன்று நான்கு சிமெண்டுத் தொட்டிகளும், உப்பு மிகாத தண்ணீரும் இருந்தால் போதும். வீட்டிலுள்ள பெண்களும் பெரியவர்களும் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் கவனித்துக்கொள்ளலாம். சென்னையில் கொளத்தூர் வட்டாரம் இந்தத் தொழிலுக்கே பெயர்பெற்றது.

ஆனால் பங்குனி பிறந்ததும் இந்தத் தொழிலில் ஒரு சோதனை வந்துவிடுகிறது. முதல்நாள் மாலைவரை தீனி தின்று ஓடியாடிய மீன்கள் மறுநாள் காலையில் கொத்துக் கொத்தாக மிதக்கின்றன. குஞ்சு வாங்கிய பணமும், தீனிச் செலவும், நான்கு மாத உழைப்பும் ஒரே இரவில் போய்விடுகின்றன. 'வெயில் தாங்கவில்லை' என்று சொல்லி, அடுத்த நாள் பகலில் தொட்டியில் குளிர்ந்த நீரையோ பனிக்கட்டியையோ கொட்டுகிறோம். மீதியிருந்த மீன்களும் அதில் செத்துப்போகின்றன.

இதற்குக் காரணம், ஆபத்து எந்த நேரத்தில் வருகிறது என்பதை நாம் அறியாததுதான். பகல் மூன்று மணி வெயிலில் மீன்கள் சாவது அரிது. விடியற்காலை நான்கு மணி முதல் ஆறு மணிக்குள்தான் பெரும்பாலான மீன்கள் சாகின்றன. வெப்பம் நேராகக் கொல்வதைவிட, நீரிலுள்ள பிராணவாயுவைக் குறைத்துக் கொல்வதே அதிகம். இதைப் புரிந்துகொண்டால் கோடையில் செய்ய வேண்டியவை யாவும் எளிதில் விளங்கும்.

வெப்பமும் பிராணவாயுவும்

நாம் காற்றிலுள்ள பிராணவாயுவைச் சுவாசிக்கிறோம். மீன்கள் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் செவுள்களின் மூலம் எடுத்துக்கொள்கின்றன. நீர் எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவுக்கு அதில் பிராணவாயு கரைவது குறையும். கடல் மட்டத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் கரைந்து நிற்கக்கூடிய அளவு வருமாறு:

20 டிகிரி சென்டிகிரேடில் – 9.1 மில்லிகிராம்
25 டிகிரியில் – 8.3 மில்லிகிராம்
30 டிகிரியில் – 7.6 மில்லிகிராம்
35 டிகிரியில் – 6.9 மில்லிகிராம்

இடம் உயர உயரக் காற்றின் அழுத்தம் குறைவதால் இந்த அளவு மேலும் குறையும். போடி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே 30 டிகிரி சூடுள்ள நீரில் சுமார் 7.2 மில்லிகிராம்தான் கரைந்து நிற்கும். போடிமெட்டுப் பக்கம் 1,300 மீட்டர் உயரத்தில் நீர் 20 டிகிரியில் குளிர்ச்சியாக இருந்தாலும், அதில் கரைந்து நிற்பது 7.7 மில்லிகிராம் அளவே. 'மலையில் நீர் குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது' என்று தொட்டியை மீன்களால் நிரப்பிவிடலாகாது.

இது வரவுக் கணக்கு. செலவுக் கணக்கு இதற்கு நேர்மாறானது. மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தை ஒட்டியே இருக்கும். நீர் 10 டிகிரி கூடினால் மீனுக்குத் தேவைப்படும் பிராணவாயு ஏறத்தாழ இரு மடங்காகிறது. அடியில் தேங்கிய கழிவையும் மிச்சத் தீனியையும் அழுகச் செய்யும் நுண்ணுயிர்களும் வெப்பத்தில் வேகமாகப் பெருகிப் பிராணவாயுவைச் செலவழிக்கின்றன. வரவு குறைகிறது, செலவு கூடுகிறது.

ஏன் விடியற்காலை?

பகலில் பாசியும் நீர்ச்செடிகளும் சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும்போது பிராணவாயுவை வெளியிடுகின்றன. பொழுது சாய்ந்ததும் இந்த வரவு நின்றுவிடுகிறது. அதன்பின் பாசியும் செடிகளும்கூட மீன்களோடு சேர்ந்து பிராணவாயுவை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை வெளியிடுகின்றன. இரவு முழுவதும் இருப்பு கரைந்துகொண்டே வந்து, விடியும் முன் மிகவும் தாழ்ந்துவிடுகிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். 10 அடி நீளம், 6 அடி அகலம் கொண்ட தொட்டியில் இரண்டரை அடி உயரம் நீர் நிறுத்தினால் சுமார் 4,200 லிட்டர் பிடிக்கும். 30 டிகிரி வெப்பத்தில் அவ்வளவு நீரிலும் கரைந்திருக்கும் பிராணவாயு சுமார் 30 கிராம்தான். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறைந்தால் பெரும்பாலான மீன்கள் சோர்வடையும். 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் தத்தளிக்கும். ஆகவே அந்த 30 கிராமிலும் பாதிக்குச் சற்று மேல்தான் மீன்களுக்குப் பயன்படும். மேற்பரப்பின் வழியாகக் காற்றிலிருந்து சிறிது சிறிதாகச் சேர்வதையும் கொண்டு, இத்தனை சிறிய இருப்பில் நூற்றுக்கணக்கான மீன்கள் இரவைக் கழிக்க வேண்டியிருக்கிறது. நீர் பச்சைப் பசேலென்று இருக்கும் தொட்டியில் பகலில் பிராணவாயு மிகுந்திருந்தாலும், இரவில் பற்றாக்குறையும் அதே அளவுக்குப் பெரிதாகவே இருக்கும்.

எந்த மீன், எந்த இடத்திற்கு?

'வெப்பமண்டல மீன்' என்ற பெயரைக் கேட்டு அவை எவ்வளவு வெப்பத்தையும் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அவற்றில் பல, அடர்ந்த காட்டு நிழலில் ஓடும் நீரோடைகளிலிருந்து வந்தவை. தென் அமெரிக்க அமேசான் காட்டைச் சேர்ந்த நியான் டெட்ரா இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பெரும்பாலான வெப்பமண்டல மீன்களுக்கு 24 முதல் 28 டிகிரி வரை ஏற்றது. 32 டிகிரியைத் தாண்டினால் அவை துன்பப்படத் தொடங்கும்.

தங்கமீனும் கோய் கெண்டையும் வெப்பமண்டல மீன்களே அல்ல. சீனத்திலும் ஜப்பானிலும் மிதமான தட்பவெப்பநிலையில் பல தலைமுறைகளாக வளர்த்துப் பெருக்கப்பட்டவை. இவை மலைச்சரிவில் வாழும் விவசாயிகளுக்கு ஏற்றவை. அடிவாரத்தில் வளர்ப்போர் இவற்றைக் கோடைக்கு முன்பே விற்றுவிடுவதே பாதுகாப்பு.

அடிவாரத்திற்குக் கப்பி, மோலி, பிளாட்டி போன்ற குட்டி போடும் மீன்கள் ஏற்றவை. பிராணவாயுக் குறைவைத் தாங்குவதில் கௌராமியும் ஃபைட்டரும் சிறந்தவை. நம் ஊர்க் குளங்களிலுள்ள பனையேறிக் கெண்டையைப் போல, இவற்றுக்கும் காற்றை நேராக இழுத்துச் சுவாசிக்கும் உறுப்பு உண்டு. ஆனால் பொரித்த குஞ்சுகளுக்கு அந்த உறுப்பு வளரச் சில வாரங்கள் ஆகும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இம்மீன்கள் உள்ள தொட்டியை இறுக மூடாமல், நீர் மட்டத்திற்கு மேல் காற்றோட்டம் இருக்குமாறு செய்ய வேண்டும்.

மிஸ் கேரளா என்று வணிகத்தில் அழைக்கப்படும் சிவப்புக் கோடு போட்ட மீனைப் பலரும் கேட்டிருப்பீர்கள். 1865ஆம் ஆண்டில் பிரான்சிஸ் டே என்ற ஆய்வாளர், நமது மலைத்தொடரின் மேற்குப் பக்கத்தில் உள்ள முண்டக்கயம் பகுதி மீனைக் கொண்டு இதை விவரித்து, அக்காலச் சென்னை மாகாண ஆளுநர் டெனிசனின் பெயரை இதற்குச் சூட்டினார். விரைந்தோடும் குளிர்ந்த ஓடை நீரில் வாழும் மீன் என்பதால், கோடைத் தொட்டியில் முதலில் மூச்சுத் திணறுவது இதுவே. அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலிலும் இது இடம்பெற்றுள்ளது. எனவே ஓடைகளில் பிடித்து விற்பதைத் தவிர்க்க வேண்டும்.

நிழல் அமைத்தல்

ஏலத்திற்கு நிழல் எவ்வளவு முக்கியம் என்பதை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிழல் மிகுந்தாலும் கேடு, குறைந்தாலும் கேடு. மீன் தொட்டிக்கும் இதே விதிதான்.

தொட்டிகளுக்கு மேல் ஏழடி உயரத்தில் பந்தல் போட்டுத் தென்னங்கீற்றையோ, 50 சதவீத நிழல்தரும் வலையையோ விரிக்கலாம். தாழப் போட்டால் காற்றோட்டம் கெட்டு வெக்கை தங்கும். காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் விழலாம். பகல் 11 மணிக்கு மேல் நேர் வெயில் கூடாது. மேற்கு வெயில் படும் பக்கத்தில் கீற்றுத் தட்டி கட்ட வேண்டும். தகரக் கொட்டகை என்றால் தகரத்தின் மேல் கீற்றைப் பரப்பி, மாலை நேரத்தில் நீர் தெளிக்கலாம்.

நீரின் ஆழம் மற்றொரு நிழல் போன்றது. ஓரடி நீர் பகலில் வேகமாகச் சூடாகி இரவில் வேகமாகக் குளிர்ந்துவிடும். கோடையில் இரண்டரை முதல் மூன்றடி நீர் நிறுத்தினால் ஏற்ற இறக்கம் குறையும். புதிதாகத் தொட்டி கட்டுவோர் பாதி உயரம் மண்ணுக்குள் இருக்குமாறு கட்டுவது நல்லது. மிதக்கும் செடிகள் மேற்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் படர விடலாகாது. மேற்பரப்பு முழுவதையும் மூடிவிட்டால் காற்றிலிருந்து பிராணவாயு சேரும் வழி அடைபட்டுப்போகும்.

குளிரச் செய்யும் முறைகள்

மண்பானை நீர் ஏன் குளிர்கிறது? பானையின் புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துச் செல்வதால்தான். ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்குச் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் தேவை. 100 லிட்டர் நீரை 5 டிகிரிக்கு மேல் குளிரச் செய்வதற்கு இவ்வெப்பம் போதும். வெளி வெப்பம் உள்ளே வந்துகொண்டிருப்பதால் நடைமுறையில் 2 அல்லது 3 டிகிரி குறையும். நம் அடிவாரத்தில் பங்குனி, சித்திரையில் காற்று வறண்டு வீசுவதால் இம்முறை நன்கு பயன்படும். சிமெண்டுத் தொட்டியின் சுவர்களைச் சுற்றிச் சாக்குகளைக் கட்டி நனைத்து வையுங்கள். வீட்டிலுள்ள கண்ணாடித் தொட்டிக்கு மேல் மூடியைத் திறந்து, சிறு மின்விசிறியின் காற்று நீர்ப்பரப்பில் படுமாறு வையுங்கள்.

பனிக்கட்டியைப் பற்றியும் கணக்குப் பார்த்துக்கொள்வோம். ஒரு கிலோ பனிக்கட்டி உருகி 30 டிகிரி வரை வர எடுத்துக்கொள்ளும் வெப்பம் 110 கிலோ கலோரி. அதாவது 100 லிட்டர் நீரை ஏறத்தாழ ஒரு டிகிரிதான் குறைக்கும். மேற்சொன்ன 4,200 லிட்டர் தொட்டியில் ஒரு டிகிரி குறைக்க ஏறத்தாழ 40 கிலோ வேண்டும். ஆகவே சிமெண்டுத் தொட்டிக்குப் பனிக்கட்டி வீண் செலவு. 50, 60 லிட்டர் கண்ணாடித் தொட்டிக்கு மட்டும், மூடிய பிளாஸ்டிக் பாட்டிலில் உறைய வைத்த நீரை மிதக்கவிடலாம். ஒரு மணி நேரத்தில் ஒரு டிகிரிக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். திடீரென்று நான்கைந்து டிகிரி மாறுவது, நிலையான வெப்பத்தைவிட அதிகக் கேடு செய்யும்.

காற்றூட்டம்

காற்றூட்டும் சிறு மோட்டார்களைப் பகலில் ஓட்டி இரவில் நிறுத்துவது சிலரது வழக்கம். இது தலைகீழான முறை. இரவு எட்டு மணி முதல் காலை எட்டு மணி வரை கட்டாயம் ஓட வேண்டும். கோடையில் மின்தடை வருமாதலால் பேட்டரியில் ஓடும் மோட்டார் ஒன்றைத் தயாராக வைத்திருப்பது அவசியம். அது இல்லாதபோது, தொட்டி நீரையே பூவாளியில் மொண்டு மூன்றடி உயரத்திலிருந்து பல முறை தூவினால் பிராணவாயு சேரும். ஆபத்தான நேரத்தில் அரை மணி நேரம் இப்படிச் செய்தாலும் பல மீன்கள் பிழைக்கும்.

புது நீர் விடும்போதும் கவனம் தேவை. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து அப்போதே எடுத்த நீரில் பிராணவாயு மிகக் குறைவாகவும் கரியமில வாயு மிகுந்தும் இருக்கும். அதைக் குழாயிலிருந்து நேராகத் தொட்டியின் அடியில் விடாமல், தகரத்தின் மீதோ கல்லின் மீதோ விழுந்து சிதறுமாறு விட வேண்டும். முதல்நாளே வேறு தொட்டியில் பிடித்துவைத்து விடுவது அதைவிட நல்லது. நகராட்சிக் குழாய் நீரானால் குளோரின் போவதற்கு ஒரு நாள் முழுவதும் திறந்த தொட்டியில் வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

தீனியும் கழிவும்

கோடையில் மீன்கள் சுறுசுறுப்பாக இருப்பதைக் கண்டு தீனியைக் கூட்டுவது தவறு. நீரின் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் வழக்கமான தீனியில் பாதி போதும். காலை எட்டு, ஒன்பது மணிக்கு ஒரு வேளை மட்டும் போடுங்கள், மாலையில் வேண்டாம். மாலைத் தீனி செரிப்பதற்கு மீன்கள் இரவில் கூடுதலாகப் பிராணவாயுவைச் செலவிட நேரும். ஐந்து நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே போட்டு, மிச்சத்தை எடுத்துவிட வேண்டும்.

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. இதில் ஒரு பகுதிதான் மீனுக்குக் கொடிய நஞ்சு. அந்தப் பகுதியின் அளவு நீரின் கார அமில நிலையையும் வெப்பத்தையும் பொறுத்தது. 30 டிகிரியில் கார அமில நிலை 7 ஆக இருந்தால் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவு. 8 ஆனால் ஏழு, எட்டுப் பங்கு. 9 ஆனால் ஏறத்தாழப் பாதி நஞ்சாகிவிடும். பாசி மிகுந்த நீரில் பகல் பொழுதில் கார அமில நிலை 9 வரை உயரக்கூடும். ஆகவே நீர் அளவுக்கு மீறிப் பச்சையாகாமல் பார்த்துக்கொள்வது பகலுக்கும் இரவுக்கும் நன்மை தரும்.

வாரம் இரு முறை ரப்பர் குழாய் கொண்டு அடிக்கழிவை உறிஞ்சி வெளியேற்றி, ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். தண்ணீர்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் இது வீண் என்று எண்ண வேண்டாம். இந்த நீரில் தழைச்சத்து இருப்பதால் தென்னைக்கும் காய்கறிப் பாத்திக்கும் பாய்ச்சலாம். உப்புப் போட்டு மருத்துவம் செய்த நீரை மட்டும் பயிருக்கு விடக் கூடாது.

மீன்களின் எண்ணிக்கை

மேலே கூறிய எல்லாவற்றையும்விடப் பலன் தருவது மீன்களைக் குறைப்பதே. தை, மாசியில் விற்பனைக்கு வளர்ந்த மீன்களை 'இன்னும் கொஞ்சம் பெரிதாகட்டும்' என்று கோடைக்குள் கொண்டுசெல்ல வேண்டாம். மாசி முடிவதற்குள் மூன்றில் ஒரு பங்கையாவது விற்றுவிட்டால், மீதியுள்ளவை பிழைத்து வளரும். நட்ட பயிரைக் கலைத்துவிடுவது போன்றதுதான் இது.

கோடையில் மீன்களை வாங்கினாலும் விற்றாலும் இரவிலோ அதிகாலையிலோ எடுத்துச் செல்ல வேண்டும். அனுப்புவதற்கு முன் ஒரு நாள் தீனி நிறுத்த வேண்டும். பையில் மூன்றில் ஒரு பங்கு நீரும் மீதி பிராணவாயுவும் இருக்கட்டும். வந்து சேர்ந்ததும் பையைத் தொட்டி நீரில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்து, அதன்பின் மீன்களை விடுங்கள்.

பூச்சி மருந்தில் எச்சரிக்கை

ஏலத்தோட்டங்களை ஒட்டி மீன் வளர்ப்போர் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராமின் ஆயிரத்தில் சில பங்கு இருந்தாலே மீன்களைக் கொல்லவல்லவை. அழுகல் நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவையிலுள்ள தாமிரமும் மீனுக்கு நஞ்சு. உப்புக் குறைந்த மலை ஓடை நீரில் அதன் கடுமை இன்னும் கூடும். மருந்து கலந்த வாளி, மருந்தடித்த தெளிப்பான், அதே கையுறை, அதே துணி எதுவும் தொட்டியின் அருகில் வரக் கூடாது. மேலுள்ள தோட்டத்தில் மருந்தடித்த நாட்களில் ஓடை நீரைத் தொட்டிக்கு எடுக்க வேண்டாம். கொசுவத்தியும் கொசு மருந்தும் பயன்படுத்தும் அறையில் காற்று மோட்டாரை வைத்தால், அந்தப் புகையும் நீருக்குள் செல்லும் என்பதை மறவாதீர்கள்.

பண்ணைக் குட்டையில் வளர்ப்போருக்கு

ஆழமான குட்டையில் கோடையில் மேல்நீர் சூடாகவும் அடிநீர் குளிர்ந்தும் இரண்டு அடுக்குகளாக நிற்கும். அடிநீரில் பிராணவாயு அநேகமாக இராது. திடீரென்று கோடை மழை கொட்டும்போது குளிர்ந்த மழைநீர் கீழிறங்கி, அடிநீரை மேலே கலக்கிவிடுகிறது. மழை பெய்து வெப்பம் தணிந்த மறுநாள் காலையில் மீன்கள் மிதப்பதற்கு இதுவே காரணம். பல நாள் வெயிலுக்குப் பின் வானம் மூடிக்கொண்டால் பாசியின் பிராணவாயு உற்பத்தி குறைவதாலும் இதே ஆபத்து உண்டு. எனவே கோடை மழை பெய்த அன்று தீனியை நிறுத்தி, அன்றிரவு மோட்டார் வைத்துக் குட்டை நீரையே இறைத்து மீண்டும் குட்டையில் விழச் செய்யுங்கள்.

நீர் வற்றும் குட்டையிலோ தொட்டியிலோ மிஞ்சிய வெளிநாட்டு மீன்களைக் கொட்டகுடி ஆற்றிலோ கண்மாயிலோ விடக் கூடாது. கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்வதற்கென்று வாங்கும் உறிஞ்சு மீன்கள் இவ்வாறுதான் நம் நீர்நிலைகளில் பெருகி, நாட்டு மீன்களுக்கு இடைஞ்சலாகிவிட்டன.

அறிகுறிகளைக் கண்டு காரணம் அறிதல்

மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடி, வெயில் ஏறியதும் இயல்பாகிவிட்டால், அது பிராணவாயுப் பற்றாக்குறை. அன்றே மீனையும் தீனியையும் குறைத்து இரவுக் காற்றூட்டத்தைக் கூட்ட வேண்டும்.

பகல் முழுவதும் மேலேயே நின்று செவுளை வேகமாக அசைத்தால், அம்மோனியாவோ செவுள் நோயோ இருக்கலாம். தீனியை நிறுத்தி, பிடித்துவைத்த நீரால் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள்.

எல்லா மீன்களும் ஒரே நேரத்தில் துடித்து, சுழன்று, சுவரில் மோதிச் சாய்ந்தால் பூச்சி மருந்தைச் சந்தேகிக்க வேண்டும். உடனே மீன்களை வேறு நல்ல நீருக்கு மாற்ற வேண்டும்.

மாதவாரியாகச் செய்ய வேண்டியவை

மாசி: வளர்ந்த மீன்களை விற்றல், அடிக்கழிவை நீக்குதல், பந்தல் போடுதல்.

பங்குனி: நீரின் ஆழத்தைக் கூட்டுதல், வெப்பமானி வாங்கி விடியற்காலை ஐந்தரை மணிக்கும் பகல் மூன்று மணிக்கும் வெப்பத்தைக் குறித்துவைத்தல். இரண்டுக்கும் நான்கு டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்தால் நிழலோ ஆழமோ போதவில்லை என்று பொருள்.

சித்திரை, கத்திரி வெயில்: தீனியைப் பாதியாக்குதல், இரவு முழுவதும் காற்றூட்டம், சாக்கு நனைத்தல், ஆவியான நீரை அன்றாடம் ஈடுசெய்தல்.

வைகாசி: கோடை மழை நாட்களில் விழிப்பாக இருத்தல். மலைக்காற்று வீசத் தொடங்கியதும் பந்தலைக் கட்டிப் பலப்படுத்துதல்.

இவற்றில் பெரும்பகுதிக்குப் பணச் செலவு இல்லை; கவனந்தான் செலவு. கூடுதல் விவரங்களுக்கு மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தையோ, காமாட்சிபுரத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். கத்திரி வெயில் முடியும்வரை காலை ஐந்தரை மணிக்கு ஒரு முறை கைவிளக்குடன் தொட்டியைப் போய்ப் பாருங்கள். மீன்கள் நீருக்குள் அமைதியாக நின்றால் அன்றைய பகல் வெயிலுக்கு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. மேலே வந்து காற்றுக்கு ஏங்கினால், அவற்றைக் காப்பாற்ற உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பூவாளியைக் கையில் எடுங்கள்.